நூறு நாள் கூலி பற்றி

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த தினக்கூலி 2023-24இல் 294 ரூபாய், அடுத்த ஆண்டு 319, 2025-26இல் 336. இது அப்படியே கைக்கு வந்துவிடாது. மண் வெட்டுகிற வேலை என்றால் அளந்துதான் கூலி. அளவு குறைந்தால் காசும் குறையும். கோடையில் இறுகிக் கிடக்கும் நம்ம டெல்டா களிமண்ணில் மண்வெட்டி இறங்குவதே பெரும்பாடு. வயதான அம்மாக்கள் அதில் அளவை எட்டுவது எப்படி?

ஆனாலும் இந்த வேலையை நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். 2006இல் முதல் கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்றே பழகிய ஊர்களில் இருவருக்கும் ஒரே தொகை என்று எழுதி வைத்தது இந்தத் திட்டம்தான். நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்தபிறகு பெண்களுக்கு வேறு என்ன வேலை மிச்சம்?

அப்புறம் தாமதம். 15 நாளில் கூலி தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்பது விதி. 2,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு நாளைக்கு 1 ரூபாய்! 2024 நவம்பர் கடைசியில் நின்ற கூலிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மளிகைக்கடையில் அத்தனை நாள் கடன் சொல்ல முடியுமா?

அறிவித்த தொகை முழுசாக, 15 நாளுக்குள் வர வேண்டும். வயதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேட்கப்போகிறோம், நீங்களும் வாங்க.