ஒரு வேனுக்கு எத்தனை இடம் புரட்ட வேண்டும்?

ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைக்கும் ஒரு சின்ன யூனிட்டுக்குக் கணக்கு எழுதுகிறேன், வீடு வேலூர் சத்துவாச்சாரி. போன மாதம் முதலாளி கூப்பிட்டு, "கலவை பக்கத்திலிருந்து வர்ற பொண்ணுங்களுக்கு ஒரு வேன் வாங்கலாம்னு இருக்கேம்மா, ஜி.எஸ்.டி.யில இன்புட் எடுக்க முடியுமான்னு பாருங்க" என்றார். இன்புட் என்றால், வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. சாயங்காலத்துக்குள் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் ஆனது.

விடை இருப்பது சி.ஜி.எஸ்.டி. (மத்திய ஜி.எஸ்.டி.) சட்டத்தின் பிரிவு 17(5)-ல். அது தொடங்கும்போதே, 16(1)-லும் 18(1)-லும் என்ன சொல்லியிருந்தாலும் சரி, கீழே வருவதற்கெல்லாம் இன்புட் கிடையாது என்கிறது. சரி, அந்த இரண்டையும் முதலில் படித்தாக வேண்டும். அப்புறம் வண்டி. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேருக்கு மேல் போகாத, ஆட்களை ஏற்றும் மோட்டார் வாகனத்துக்குக் கிடையாது. வண்டி விற்பவர், பயணிகளை ஏற்றிச் சம்பாதிப்பவர், ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் எடுக்கலாம். மோட்டார் வாகனம் என்றால் எது? 2(76)-ஐப் பார்த்தால் அது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)-ஐக் கைகாட்டிவிட்டு நின்றுவிடுகிறது. முதலாளி மேஜையில் இருப்பது 2017-ல் வாங்கிய புத்தகம், அதில் இந்த 13 என்ற எண்ணே இல்லை. 2018 திருத்தச் சட்டத்தில் நுழைந்து 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடைசியாக ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று. டீலர் '12 பிளஸ் 1' என்று சொன்ன வண்டி ஆர்.சி.யில் 13, அதற்கு இன்புட் வராது. '13 பிளஸ் 1' என்றால் 14, வரும். ஒரு சீட்டில் முழு வரியும் போய்விடும்.

எத்தனை இடம் புரட்டினேன் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். 7 இடம். "வாங்காம வாடகைக்கு எடுத்தா?" என்று முதலாளி கேட்டதும் இன்னும் 2 சேர்ந்தன. தொழிலாளிக்கு வண்டி ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று ஏதாவது ஒரு சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தினால் வாடகை வண்டிக்கு இன்புட் உண்டு என்று ஒரு நிபந்தனை இருக்கிறது, அந்த 'ஏதாவது ஒரு சட்டம்' எது என்று தொழிலாளர் சட்டத்தில்தான் தேட வேண்டும். அந்த நிபந்தனை மேலே உள்ள உட்பிரிவுகளுக்கெல்லாம் சேர்த்தா, கடைசி உட்பிரிவுக்கு மட்டுமா என்று ஆடிட்டர்களுக்கே சந்தேகம் இருந்து, எல்லாவற்றுக்கும்தான் என்று 2022 ஜூலையில் 172-ம் சுற்றறிக்கை வந்த பிறகே தெளிந்தது. ஆக 9.

சட்டம் சிக்கலாகிக்கொண்டே போகிறது என்று எல்லோரும் சொல்கிறோம், எவ்வளவு சிக்கல் என்று எதை வைத்து அளக்கிறோம்? அரசு எண்ணுவது சொல்லையும் பிரிவையும். 2025 வருமான வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது 5.12 லட்சம் சொல் 2.6 லட்சமானது, 819 பிரிவு 536 ஆனது என்று கணக்குக் கொடுத்தார்கள். நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். பழைய 1961 சட்டத்தின் கடைசிப் பிரிவு எண் என்னவோ 298-தான், நடுவில் 80டிடிஏ, 115ஜேபி என்று எழுத்து எழுத்தாகச் சொருகியே 819 வரை போயிருந்தது. ஆனால் சொல்லைக் குறைத்தால் சிக்கல் குறைந்துவிடும் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

அதே 17(5)-ல் இன்னொரு இடம் பாருங்கள். கட்டடம் கட்டினால் இன்புட் கிடையாது, 'பிளான்ட் அல்லது மெஷினரி' (ஆலைக் கருவி அல்லது இயந்திரம்) தவிர என்று இருந்தது. ஒடிசாவில் வணிக வளாகம் கட்டிய ஒரு நிறுவனத்தின் வழக்கில், 'அல்லது' வேறு 'மற்றும்' வேறு, வாடகைக்கு விடவே கட்டிய கட்டடம் அது செய்யும் வேலையைப் பொறுத்து பிளான்ட் ஆகவும் கூடும், ஆனால் இன்புட் உண்டு என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருட நிதிச் சட்டத்தில் 'அல்லது' போய் 'மற்றும்' வந்தது, அதுவும் 2017 ஜூலை 1-லிருந்தே அப்படித்தான் இருந்தது என்கிற கணக்கில். அந்த வழி அடைபட்டது. சட்டப் புத்தகத்தில் ஒரு சொல் போய் ஒரு சொல் வந்தது, கூடவே ஒரு சின்ன விளக்கம், அவ்வளவுதான். சொல்லை எண்ணுகிறவர் கண்ணில் இது பெரிதாகப் படாது.

அமெரிக்காவில் டேனியல் மார்ட்டின் காட்ஸ், மைக்கேல் பொம்மாரிட்டோ என்ற இருவர் 2014-ல் அவர்கள் நாட்டுச் சட்டத் தொகுப்பை அளந்தபோது அளவை மட்டும் பார்க்கவில்லை. பிரிவுக்குள் பிரிவு எவ்வளவு ஆழம் போகிறது, மொழி எவ்வளவு கனம், ஒரு பகுதி இன்னொன்றை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்று மூன்றையும் சேர்த்தே பார்த்தார்கள். எனக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியம். என் நோட்டில் இருக்கும் 9 அதுதானே.

அதைக்கூட எண்ணி முடிக்க முடியாத இடம் உண்டு, அது எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மொத்தமே 26 பிரிவு, ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். அபாயகரமான கழிவுக்கான விதிகள் அதன் கீழ் 1989-ல் வந்து, 2008-லும் 2016-லும் புதிதாக எழுதப்பட்டன. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்கிற கொள்கையை அந்த 26 பிரிவில் தேடினால் எழுதியிருக்காது. பாலாற்றில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பு வேண்டாம் என்று இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்த யாரும் சொல்லமாட்டார்கள். சட்டம் குறைய வேண்டும் என்பது என் கட்சியே இல்லை, அதற்குக் கட்டுப்பட வேண்டியவர் கைக்கு அது முழுசாக எட்ட வேண்டும்.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மசோதாவோடும் ஒரு தாள் வையுங்கள். 40 பேர் வேலை செய்யும் ஒரு யூனிட், ஒரு வாடகைதாரர், ஒரு விவசாயி, இவர்கள் ஒரு காரியம் செய்ய இனி எத்தனை இடம் புரட்ட வேண்டும், முன்பு எத்தனை இருந்தது என்று அதில் எழுதுங்கள். பெரிய கம்பெனிக்கு இதற்கென்றே தனி ஆள் உண்டு, சின்ன யூனிட்டில் சம்பளப் பட்டியல் போடுகிறவளே இதையும் பார்க்கிறாள்.

முதலாளி 13 பிளஸ் 1 வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டார். ஆர்.சி. வந்ததும் நகலை நோட்டில் ஒட்டி, 9 இடத்தையும் தேதி போட்டு எழுதி வைக்கப்போகிறேன், அடுத்த பட்ஜெட் முடிந்ததும் திரும்ப எண்ணிப் பார்க்க.