பீப் வந்தால் போதுமா?

கோவை கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனி. பம்ப் பாகங்கள் ஓட்டுகிறார்கள். அங்கே நிற்கிற பழைய வி.எம்.சி.யின் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டும் மில்லிங் மெஷின்) கண்ட்ரோலர் போர்டு செத்துவிட்டது. மாற்றுப் போர்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் ஓனர் போனை வைத்துவிட்டாராம். ஆனால் மெஷின் நல்ல கட்டுமானம். கைடுவே தேயவில்லை, பால் ஸ்குரூவில் பெரிய ஆட்டம் இல்லை. எக்ஸ், ஒய், இசட் மூன்று அச்சிலும் யஸ்காவா சிக்மா-2 டிரைவ் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் பெட்டி), அதே கம்பெனி சர்வோ மோட்டார். எல்லாம் ஓடும் நிலையில்தான் இருந்தன. ஆகவே டிரைவ், மோட்டாரைத் தொடாமல் கண்ட்ரோலரை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. புதிதாக வந்தது லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச கண்ட்ரோல் சாஃப்ட்வேர் ஏற்றிய ஒரு கம்ப்யூட்டரும், அதை டிரைவோடு இணைக்கும் மெசா 7ஐ77 கார்டும்.

"ஏனுங்கண்ணா, இலவச சாஃப்ட்வேருன்னா நின்னு ஓடுங்களா?" என்று ஓனர் கேட்டார். நியாயமான சந்தேகம்தான். அமெரிக்க அரசின் என்ஐஎஸ்டி ஆய்வகத்தில் 1990களில் பிறந்த சாஃப்ட்வேர் அது, இன்றுவரை ஆட்கள் வளர்த்துக்கொண்டே வருகிறார்கள் என்று சொன்னேன். அவர் முகத்தில் பெரிய மாற்றமில்லை. ஓடிக் காட்டினால்தான் நம்புவார் என்று விட்டுவிட்டேன்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அவர்களுடைய எலக்ட்ரீஷியன் தம்பி ஒயரிங் முழுவதையும் முடித்திருந்தார். பார்க்க அழகான வேலை. ஃபெரூல் நம்பர், லக், ட்ரங்கிங் எல்லாம் ஒழுங்கு. "சார், ஒவ்வொரு ஒயரும் கன்டினியூட்டி அடிச்சுப் பாத்துட்டேன், எல்லாத்துக்கும் பீப் வந்துச்சு" என்றார். ஒயர் அறுபடாமல் மறுமுனை வரை போனால் மல்டிமீட்டர் அடிக்கும் பீப். வந்திருக்கும். ஆனாலும் ஒய் அச்சு எனேபிள் ஆனதும் (டிரைவ் மோட்டாருக்குக் கரண்ட் விட்டதும்) துள்ளி நின்றது. இசட் அசையவே இல்லை. எக்ஸ் மட்டும் சமர்த்தாக ஓடியது. கடைசியில் அதிகம் வேலை வைத்தது அந்த எக்ஸ்தான்.

இந்த மாதிரி வேலையில் முதலில் சிக்கலை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ளது ஒரு பக்கம். டிரைவுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் உள்ளது மறு பக்கம். சிக்மா-2 டிரைவின் முகப்பிலேயே எஃப்என்002 என்று ஜாக் வசதி இருக்கிறது. கண்ட்ரோலர் இல்லாமலே பட்டனை அழுத்தி மோட்டாரைச் சுற்றலாம். அதில் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் ஓடினால் மோட்டார் ஒயரும் என்கோடர் (மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் கருவி) கேபிளும் சரி என்று அர்த்தம். ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஜாக் வேகம் பிஎன்304 என்ற பாராமீட்டரில் (டிரைவின் செட்டிங்) இருக்கிறது, கம்பெனி அளவு, அதாவது டிரைவ் புதிதாக வரும்போதே இருப்பது, 500 ஆர்பிஎம். 10 மி.மீ. பிட்ச் ஸ்குரூவில் அது நிமிடத்துக்கு 5 மீட்டர். 20க்கு இறக்கிவிட்டுத்தான் பட்டனில் கை வைக்க வேண்டும். இன்னொன்று, அந்த ஜாக்கில் டிரைவ் ஓவர்டிராவல் சிக்னலைக் கண்டுகொள்ளாது. டேபிள் கடைசி வரை போய் இடித்தாலும் ஏன் என்று கேட்காது.

ஒய் அச்சில் எஃப்என்002 போட்டதும் ஒரு உதறல், உடனே ஏ.சி1 அலாரம். மோட்டார் கட்டுப்பாட்டை மீறி ஓடியது என்று டிரைவ் சொல்கிறது. தம்பியைக் கேட்டேன். ஒய் தப்பான பக்கம் போன மாதிரி இருந்ததால் மோட்டாருக்குப் போகும் யு, வி இரண்டையும் மாற்றிப் போட்டேன் என்றார். பம்ப் மோட்டாரில் அதுதான் வழக்கம், இரண்டு ஃபேஸ் மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும். சர்வோ மோட்டாரில் அது செல்லாது. ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று என்கோடர் சொல்வதை வைத்துத்தான் டிரைவ் கரண்டை எந்தக் காயிலுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறது. ஃபேஸ் வரிசை மாறினால் அந்தக் கணக்கே குழம்பிப்போகும். யு, வி, டபிள்யூ மூன்றும் மோட்டாரில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே போக வேண்டும். திரும்ப மாற்றினோம், ஜாக் வெண்ணெயாக ஓடியது.

சரி, அப்படியானால் முதலில் ஏன் துள்ளியது? அது கண்ட்ரோலர் பக்கத்துக் கதை.

7ஐ77 கார்டு டிரைவுக்கு பிளஸ் மைனஸ் 10 வோல்ட் அனலாக் கட்டளை கொடுக்கிறது. டிரைவ் அந்த வேகத்தில் மோட்டாரைச் சுற்றி, எவ்வளவு சுற்றினேன் என்று ஏ, பி பல்ஸாகத் திருப்பி அனுப்புகிறது. பிளஸ் வோல்ட்டுக்கு எண்ணிக்கை ஏறினால் இந்தக் கட்டளை-பதில் சுற்று (லூப்) தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். பிளஸ் வோல்ட்டுக்கு எண்ணிக்கை இறங்கினால், பிழையைக் குறைக்க கண்ட்ரோலர் வோல்ட்டை ஏற்ற ஏற்ற பிழை பெருகும். ஃபாலோயிங் எரர் (போகச் சொன்ன இடத்துக்கும் போன இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) எல்லை தாண்டியதும் லினக்ஸ்சிஎன்சி எல்லாவற்றையும் ஆஃப் செய்யும். வெளியே பார்ப்பவருக்கு அது ஒரு துள்ளலாகத் தெரியும்.

இதைக் கண்ட்ரோலர் எனேபிள் இல்லாமலேயே சோதிக்கலாம். டிரைவின் கட்டளை ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு பேட்டரி செல்லும் பொட்டன்ஷியோமீட்டரும் சேர்த்த சின்ன டப்பாவை அங்கே கொடுப்பேன். செல்லை நேரடியாகக் கொடுத்துவிடக் கூடாது. சிக்மா-2வில் பிஎன்300 கம்பெனி அளவு 6 வோல்ட்டுக்கு ரேட்டட் வேகம். இந்த மோட்டாருக்கு அது 1500 ஆர்பிஎம், அதாவது வோல்ட்டுக்கு 250. ஒன்றரை வோல்ட் செல் கொடுத்தால் 375 ஆர்பிஎம்மில் டேபிள் பாயும். பொட்டை வைத்து 0.1 வோல்ட்டுக்கு இறக்கினால் 25 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 250 மி.மீ. அது நிதானமாக வேடிக்கை பார்க்கிற வேகம். பிளஸ் கொடுத்தேன், திரையில் ஒய் எண்ணிக்கை இறங்கியது. கண்டுபிடித்தாயிற்று.

திருத்தம் சுலபம். லினக்ஸ்சிஎன்சியின் செட்டிங் ஃபைலான ஐஎன்ஐயில் என்கோடர் ஸ்கேலுக்கு (மி.மீ.க்கு எத்தனை எண்ணிக்கை என்பது) மைனஸ் குறி போடலாம், அல்லது ஏ ஜோடியின் (ஏ-யும் அதன் எதிர்ச் சிக்னலும்) இரண்டு ஒயரை இடம் மாற்றலாம். நான் ஐஎன்ஐயில் செய்தேன். அச்சின் பிளஸ் திசையே தலைகீழாக இருந்தால் என்கோடர், கட்டளை இரண்டின் குறியையும் சேர்த்து மாற்ற வேண்டும். சிலர் டிரைவில் பிஎன்000-ஐ மாற்றிப் பார்ப்பார்கள். அது ஷாஃப்ட் சுற்றும் பக்கத்தைத்தான் மாற்றும். முன்னோக்கிக் கட்டளைக்கு வெளியே வரும் ஏ, பி வரிசை பழையபடியேதான் இருக்கும். துள்ளல் போகாது, கூடவே குழப்பமும் சேரும்.

இசட் வேறு ரகம். அந்த டிரைவ் முன்பு ஒருமுறை எரிந்து, அதே மாடலில் செகண்ட் ஹேண்ட் வாங்கி மாட்டியிருந்தார்கள். பாராமீட்டர் எல்லாம் கம்பெனி அளவில். எனேபிள் ஆனாலும் அசையாது, டிஸ்பிளேயில் பி-ஓடி, என்-ஓடி (இரண்டு பக்கத்து ஓவர்டிராவல்) என்று மின்னும். டிரைவின் சிஎன்1 கனெக்டரில் பி-ஓடி 42ஆம் பின்னிலும் என்-ஓடி 43இலும் ஒயர் இல்லாவிட்டால் இரண்டு லிமிட்டும் அடித்துவிட்டதாகவே டிரைவ் நினைத்துக்கொள்ளும். லிமிட் சுவிட்சை நேராகக் கண்ட்ரோலருக்குக் கொண்டுபோயிருந்ததால், பிஎன்50ஏ-வின் மூன்றாம் இலக்கத்திலும் பிஎன்50பி-யின் பூஜ்ய இலக்கத்திலும் 8 போட்டு இரண்டையும் விலக்கினேன். இலக்கங்களை வலதுகோடியிலிருந்து பூஜ்யம் என்று எண்ண வேண்டும். அப்புறம் ஸ்குரூ ஒரு முழுச் சுற்று சுற்றினால் திரையில் 10 வர வேண்டிய இடத்தில் 65.536 வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. மற்ற இரண்டு டிரைவிலும் பிஎன்201 பல்ஸ் எண்ணிக்கை 2500. நான்கால் பெருக்கினால் சுற்றுக்கு 10000, மி.மீ.க்கு 1000. இதில் மட்டும் கம்பெனி அளவான 16384. அதை நான்கால் பெருக்கினால் 65536. ஒயரில் குற்றமே இல்லை.

இசட்டில் கை வைப்பதற்கு முன் ஸ்பிண்டில் (வெட்டும் டூலைச் சுற்றும் தண்டு) தலைக்குக் கீழே நல்ல மரக்கட்டை வைத்துவிடுங்கள். தலை இறங்காமல் பிடித்துவைக்கும் மோட்டார் பிரேக்கைப் பழைய கண்ட்ரோலரின் பிஎல்சிதான் (சுவிட்ச், ரிலேக்களை இயக்கும் பகுதி) விடுவித்துக்கொண்டிருந்திருக்கும். அது போனபின் அந்த வேலையை யார் செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. டிரைவ் ஆன் ஆவதற்கு முன் பிரேக் விட்டாலும், பிரேக் பிடிப்பதற்கு முன் டிரைவ் ஆஃப் ஆனாலும் தலை கீழே இறங்கும். டிரைவிலேயே பிரேக் சிக்னலை பிஎன்50எஃப்-இல் ஒதுக்கி, ஆஃப் ஆகும் தாமதத்தை பிஎன்506-இல் கொடுத்துவிட்டால் கவலை இல்லை. நடுவில் ஒரு ரிலே வேண்டும். பிரேக் காயில் 24 வோல்ட்டா 90 வோல்ட்டா என்று மோட்டார் பிளேட்டில் படித்துவிட்டு சப்ளை கொடுங்கள். இரண்டு வகையும் வருகின்றன.

இனி அந்த எக்ஸ்.

வெறுமனே ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. ஸ்பிண்டில் ஓடும்போது எக்ஸை முன்னும் பின்னும் ஓட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், டயல் (நகர்வை அளக்கும் கேஜ்) முள் பழைய இடத்துக்கு வரவில்லை. ஓட்ட ஓட்ட ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. கப்ளிங் லூஸ் என்றார் ஓனர். கப்ளிங் என்றால் ஸ்பிண்டில் நின்றாலும் அதே கதைதான் வர வேண்டும். ஸ்பிண்டிலை நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம், முள் அசராமல் பூஜ்யத்துக்கு வந்தது. ஆக, ஸ்பிண்டில் விஎஃப்டி (ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி) கிளப்பும் மின் நாய்ஸ்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். திரையில் எக்ஸ் சரியாக 0.000 காட்டிக்கொண்டிருந்தது. கட்டளை ஒயரில் நாய்ஸ் ஏறியிருந்தால் மோட்டார் லேசாக அதிரும், ஆனால் லூப் அதைப் பிடித்து இழுத்துவந்துவிடும். நிரந்தரமாக இடம் மாறாது. திரை பூஜ்யம் என்று சத்தியம் செய்ய, டயல் இல்லை என்றால், கண்ட்ரோலருக்கு வரும் எண்ணிக்கையே கெட்டுப்போகிறது. ஆகவே தேட வேண்டியது என்கோடர் பல்ஸ் கேபிளில்.

ஷீல்டைப் பார்த்தேன், எர்த் ஆகியிருந்தது. டிரைவின் எஸ்ஜியும் (சிக்னல் கிரவுண்டு) கார்டின் கிரவுண்டும் இணைந்திருந்தன. டிஃபரன்ஷியல் (இரண்டு ஒயரின் வித்தியாசமாக வரும்) சிக்னல்தானே, கிரவுண்டு எதற்கு என்று சிலர் விட்டுவிடுவார்கள். கார்டில் அந்தச் சிக்னலை வாங்கும் ஆர்எஸ்-422 ரிசீவர் இரண்டு பக்கத்துக் கிரவுண்டுக்கும் நடுவே ஏழு வோல்ட் வரைதான் தாங்கும், அதனால் அந்த ஒயர் கட்டாயம். கார்டில் அந்தச் சேனலின் ஜம்பரும் டிஃபரன்ஷியலில்தான் இருந்தது. விஎஃப்டி மோட்டார் கேபிளை என்கோடர் கேபிளிலிருந்து தள்ளிப் போட்டோம். நகர்வு குறைந்தது, போகவில்லை.

கடைசியில் கனெக்டர் மூடியைக் கழற்றி, ஒயர் கலரைப் பார்த்தபோது பிடிபட்டது. கேபிளில் ஒயர்கள் இரண்டிரண்டாக முறுக்கி வரும். ஏ சிக்னலும் அதன் எதிர்ச் சிக்னலும் ஒரே முறுக்கில் போனால்தான், வெளியிலிருந்து வரும் நாய்ஸ் இரண்டிலும் சமமாக ஏறி, ரிசீவர் வித்தியாசம் எடுக்கும்போது அடிபட்டுப்போகும். இங்கே ஏ-யும் பி-யும் ஒரு முறுக்கில், இரண்டின் எதிர்ச் சிக்னல்கள் இன்னொரு முறுக்கில். பிளஸ் எல்லாம் ஒரு ஜோடி, மைனஸ் எல்லாம் ஒரு ஜோடி என்று பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. பின்னுக்குப் பின் சரி. மல்டிமீட்டர் பீப் அடிக்கத்தான் செய்யும். ஒயர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத்தான் மீட்டர் சொல்லும். யாரோடு சேர்ந்து போகிறது என்பதை அதனால் சொல்ல முடியாது.

ஒய், இசட் கேபிளையும் திறந்து பார்த்தோம். அவை பழைய கேபிள்கள், மெஷின் கம்பெனி போட்டது, முறுக்கு சரியாக இருந்தது. எக்ஸ் கேபிள் மட்டும் நீளம் போதாமல் புதிதாகச் செய்தது. இரண்டு பக்கமும் சால்டரை எடுத்து ஜோடி மாற்றிப் பற்றவைத்தார் தம்பி. ஸ்பிண்டிலை முழு வேகத்தில் விட்டு, எக்ஸை மதியம் முழுக்க ஓட்டிவிட்டுத் திரும்ப டயல் வைத்தோம். முள் பூஜ்யத்தில் நின்றது. "அப்ப கப்ளிங் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓனர் டீ சொல்லப் போனார்.

எனேபிள் சிக்னல் பற்றியும் ஒரு வார்த்தை. 7ஐ77-இன் பொது அவுட்புட்கள் 24 வோல்ட்டை வெளியே தருபவை. சிக்மா-2வின் எனேபிள் இன்புட்டான எஸ்-ஆன், ஜீரோ வோல்ட்டுக்கு இழுத்தால்தான் ஆன் ஆகும். இரண்டையும் நேராகச் சேர்த்தால் வேலை செய்யாது. கார்டிலேயே அனலாக் அவுட்புட் பக்கத்தில் எனா என்ற தனித்த ஆப்டோ (ஒளியால் இயங்கும் சுவிட்ச்) ஜோடி இருக்கிறது. அதன் மைனஸை ஜீரோ வோல்ட்டிலும் பிளஸ்ஸை எஸ்-ஆனிலும் கொடுத்தேன்.

இதே டிரைவை வைத்து வேலை செய்கிறவர்களுக்காக சிஎன்1 கனெக்டரின் பின் எண்கள்: வேகக் கட்டளை 5, அதன் எஸ்ஜி 6. பக்கத்தில் 9, 10 என்று இருப்பது டார்க் கட்டளை, அங்கே மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். ஏ பல்ஸ் 33, அதன் எதிர் 34. பி பல்ஸ் 35, எதிர் 36. இண்டெக்ஸ் 19, எதிர் 20. 24 வோல்ட் 47, எஸ்-ஆன் 40, அலாரம் அவுட்புட் 31, 32. சால்டர் வைப்பதற்கு முன் உங்கள் மாடலின் மேனுவலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டிரைவ் மூடியைத் திறப்பதானால் சார்ஜ் விளக்கு அணையும்வரை கை வைக்க வேண்டாம்.