கேஸ் பிடிக்கிற வரைக்கும்

ஏப்ரல் 26, 2025, சனி

கெக் வந்து சேர்ந்தது. கேஸ் அழுத்தத்தைத் தாங்குகிற மூடிய உருளை. 19 லிட்டர், எவர்சில்வர், இரண்டு வாய். ஒன்றில் கார்பன் டை ஆக்சைடு கேஸ் உள்ளே போகும், இன்னொன்றில் தண்ணீர் வெளியே வரும். வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வைத்திருப்பது. இங்கே 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கிறவரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எனக்கு வேண்டியது சோடாதான். மே 11 எதிர்சேவை, மதுரைக்கு வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற நாள். அழகர் எங்கள் புதூர் வழியாகத்தான் வருவார். வாசலில் பந்தல் போட்டு நன்னாரி சோடா கொடுப்பதாகத் திட்டம்.

பெரியப்பா செல்லூரில் முப்பது வருஷம் கோலி சோடா கம்பெனி நடத்தியவர். கெக்கைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "குண்டு எங்கடா இருக்கு?" என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

சப்பென்று இருக்கிறது. பீர்க்காரர்களின் அட்டவணையைப் பார்த்து கேஸ் அழுத்தத்தை 28 பிஎஸ்ஐ வைத்து, இரண்டு ராத்திரி விட்டிருந்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் நாலு லிட்டர் கேஸ் ஏற அது போதும் என்று போட்டிருந்தது. பக்கத்துக் கட்டத்தைப் பார்க்காமல் விட்டது என் தப்பு. அந்தக் கணக்கு 4 டிகிரிக்கு. என் கெக் நின்றதோ சமையலறை மூலையில், 32 டிகிரியில். அந்தச் சூட்டில் 28க்குப் பாதிகூட ஏறாது. நாலு ஏற வேண்டுமென்றால் 80 பிஎஸ்ஐ வேண்டும்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "அதுக்குத்தானே வெள்ளன நாலு மணிக்கே எந்திரிச்சுப் போடுவோம்? வெயில் ஏறிட்டா தண்ணியில கேஸ் பிடிக்காது." இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம். கேட்டால்தானே சொல்வார்.

ஏப்ரல் 30, புதன்

நேற்று நிரப்பி வந்த சிலிண்டர் இன்று காலி. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் கெக் மூடியில் குமிழி குமிழியாக வருகிறது. வாஷரைக் கழற்றினேன். ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது நல்லதாகப் போயிற்று. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், மூடிய அறையில் தரையோடு தேங்கும். பாய் போட்டுப் படுக்கிற வீட்டில் விளையாட்டில்லை.

சிலிண்டர் மீட்டரையும் இனி நம்புவதாக இல்லை. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் சிலிண்டருக்குள் திரவமாக நிற்கும். அதற்கு மேல் போனால் திரவம், வாயு என்ற பிரிவே போய்விடும். மதுரை மே மாதத்தில் 31 என்பது விடிகாலை சமாச்சாரம். காலையில் ஒன்று காட்டுகிற முள் மதியம் வேறொன்று காட்டுகிறது. தராசில் வைத்து எடை பார்ப்பதுதான் கணக்கு.

மே 3, சனி

பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் தட்டுகளை எல்லாம் உருவிவிட்டுக் கெக்கை உள்ளே நிறுத்தியிருந்தேன். தண்ணீர் 4 டிகிரிக்கு இறங்க ஒரு முழு நாள் ஆனது. அப்புறம் கேஸைத் திறந்து, மேல் வால்வைத் தூக்கி நாலு தடவை ஊதவிட்டு உள்ளிருந்த காற்றை விரட்டினேன். பிறகு 28.

இப்படியே விட்டால் ஒரு வாரம் பிடிக்கும். பெரியப்பாவுக்குப் பொறுமை இல்லை. "சும்மா மேல நின்னா கேஸ் மேலயேதான் நிக்கும். மெஷின்ல பாட்டிலைப் போட்டு எதுக்குச் சுத்துறோம்?" கெக்கை வெளியே எடுத்துத் தரையில் சாய்த்து, கேஸ் வாய் மேலே இருக்கும்படி வைத்து, தொட்டில் ஆட்டுவதுபோல் அங்கிட்டும் இங்கிட்டும் உருட்டினார். ரெகுலேட்டரில் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம். ஒவ்வொரு உருட்டுக்கும் ஒரு 'ஸ்ஸ்'. பத்து நிமிஷத்தில் அது மெலிந்து, அப்புறம் காதை வைத்தால்தான் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. "போதும், குடிச்சிருச்சு" என்றார்.

பீர்க்காரர்களுக்கு இந்த ஆட்டு வேலை சிக்கல். 12 பிஎஸ்ஐ வேண்டிய பீருக்கு அவசரத்தில் 30 வைத்து ஆட்டிவிட்டு, கேஸ் கூடிப்போய் நுரையோடு மல்லுக்கட்டுவார்கள். எனக்கு வேண்டியதே 28. அதே 28 வைத்து எவ்வளவு ஆட்டினாலும் மிஞ்சாது.

சொல்லப்போனால் சோடாவே பீர்த் தொட்டிக்கு மேலே பிறந்ததுதான். 1767இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து பீர் ஆலைத் தொட்டிக்கு மேல் தண்ணீரை வைத்துத்தான் அதில் கேஸ் ஏற்றினார். பெரியப்பா இதைக் காதில் வாங்கவில்லை.

மே 6, செவ்வாய்

கெக்குக்குள் கேஸ் இருக்கிறது, டம்ளரில் இல்லை! குழாயைத் திறந்தால் சீறிக்கொண்டு வந்து, பாதி டம்ளர் நுரை. அடங்கியதும் வெறும் தண்ணீர். அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், சோடாதான் நாளுக்கு நாள் செத்துப்போகும். கோளாறு ஹோஸில். ஒன்றரை மீட்டர்தான் போட்டிருந்தேன். 28 பிஎஸ்ஐயும் அவ்வளவு குட்டைக் குழாயில் ஒரே மூச்சில் பாய்ந்தால் கேஸ் வழியிலேயே பிரிந்துவிடும். 5 மில்லிமீட்டர் துளையுள்ள ஹோஸ் 8 மீட்டர் வாங்கி, பாம்பு மாதிரி சுருட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்தேன். இப்போது ஒழுங்காக, நிதானமாக விழுகிறது. மூக்கில் ஏறுகிற காரம்.

மே 9, வெள்ளி

பெரியப்பா உப்பு சோடா கேட்டார். டம்ளர் சோடாவில் உப்பைப் போட்டேன், பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது. எலுமிச்சையையும் உப்பையும் முதலில் கரைத்துக்கொண்டு, அதன் மேல் சோடாவை ஓரமாக ஊற்ற வேண்டும். நன்னாரியும் அப்படியே, கெக்குக்குள் வேண்டாம்.

மே 11, ஞாயிறு

எட்டு மணிக்கெல்லாம் வரிசை. 150 மில்லி டம்ளர், கெக்குக்கு 120 பேர் என்று கணக்குப் போட்டிருந்தேன். தெருக்காரர்களே நூறு பேர் குடித்தார்கள். அழகர் முனைக்கு வருவதற்குள் கெக் காலி. அவசரமாகக் கேன் தண்ணீரை ஊற்றி மூடினேன். பெரியப்பா ஸ்டீலில் கையை வைத்துப் பார்த்தார்.

"இது இன்னைக்கு ஆகாது. போயி மோரைக் கரை."