கரணையில் பிறக்காத கரும்பு

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் சில கரும்புக் காடுகளில் பூ எடுக்கும். வெள்ளையும் சாம்பலுமாகக் கதிர் ஆடுவதைப் பார்த்து, வண்டியில் போகிறவர்கள் நிறுத்திப் படம் எடுப்பார்கள். காட்டுக்காரருக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் கிடையாது. பூத்த கரும்பு அதற்குமேல் வளராது. வெட்டாமல் வைத்திருந்தால் உள்ளே சக்கையாகி எடை குறையும். அவருக்குக் கவலையெல்லாம் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு எப்போது வரும் என்பதுதான்.

கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் கரும்பு நாற்றுப் பண்ணை நடத்துகிறேன். நாற்று எடுக்க வந்த ஒரு பையன், பொறியியல் படித்துவிட்டு அப்பாவின் காட்டைப் பார்க்க வந்தவன், அந்தப் பூவில் ஒரு கதிரை ஒடித்துக்கொண்டு வந்து கேட்டான்: "ஏனுங்க்கா, இதுல விதை இருக்குமா? இதையே தட்டுல தூவுனா நாத்து வராதா? எதுக்கு இத்தனை கரும்ப வெட்டுறீங்க?"

நல்ல கேள்வி. டிராக்டரில் நாற்றுத் தட்டு ஏற்றுகிற நேரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது.

விதை இருக்கும். கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துகள் அகப்படும். பெரும்பாலும் பதர். நல்ல விதையும் நடுவில் உண்டு. ஈரம் குறையாத மண்ணில் தூவி மூடாமல் விட்டால் புல் முளைப்பதுபோல் முளைக்கவும் செய்யும். ஆனால் முளைப்பது நீங்கள் ஒடித்து வந்த கரும்பாக இருக்காது. கோ 86032 என்ற ரகம் நிற்கிற காட்டின் பூவிலிருந்து நூறு விதை முளைத்தால் நூறும் நூறு மாதிரி: ஒன்று விரல் பருமன், ஒன்றில் சாறே இல்லை, ஒன்று தூரே கட்டாது. அதிலும் காடு முழுக்க ஒரே ரகம் என்றால், பூ தன் மகரந்தத்தையே வாங்கிக்கொள்ளும். அப்படிச் சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து வருகிற கரும்பு நாற்று பெரும்பாலும் சவலையாகத்தான் இருக்கும்.

அதனால்தான் பரு. கரும்பின் ஒவ்வொரு கணுவிலும் முளைவிடுகிற மொட்டாக ஒரு பரு, அதைச் சுற்றி வேர்விடக் காத்திருக்கும் புள்ளிகள். அந்தப் பரு தாய்க்கரும்பின் உடம்பிலேயே ஒரு துண்டு. மகரந்தம், சூல் என்ற கலப்பு அதில் இல்லை. நான் செய்வது ஜெராக்ஸ் கடை வேலை. மூலத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் தட்டிலும் வரும்.

எங்கள் அத்தை காலத்தில் இதைக் காட்டிலேயே செய்தார்கள். கரும்பை இரண்டிரண்டு பருவுள்ள துண்டாக, அதாவது இருபருக் கரணையாக வெட்டி, பாரில் தண்ணீர் கட்டி, காலால் மிதித்து மிதித்துப் பதிப்பார்கள். ஏக்கருக்கு 30,000 கரணை வேண்டும். நான் பருவை மட்டும் சீவியெடுத்து வளர்க்கிற பருச்சீவல் நாற்று போட ஆரம்பித்தபோது அத்தை தட்டைத் தூக்கிப் பார்த்து, "ஒத்தப் பருவுல என்ன கண்ணு கரும்பு வரும்?" என்றார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. கரணையில் பருவோடு தண்டும் இருப்பதால் முளைக்குச் சாப்பாடு அதிகம். சீவலில் தண்டு கொஞ்சம்தான். அதற்கு ஈடாகத்தான் தென்னை நார்க்கழிவு, நிழல்வலை, பூவாளி என்று இத்தனை உபசாரம்.

விதைக்கரும்பு ஆறு, ஏழு மாதத்தில் வெட்டியதாக இருக்கவேண்டும். ஆலைக்குப் போகிற அளவுக்கு முற்றிய கரும்பில் அடிப்பரு தூங்கிக்கொண்டே இருக்கும். மேல்பாதிப் பருக்கள் வேகமாக முளைக்கும். கையால் அழுத்தும் கருவியில் பருவைச் சீவி, மருந்துத் தண்ணீரில் நனைத்து, சாக்கில் கட்டி மூடி வைத்தால் சில நாளில் முளை எட்டிப் பார்க்கும். முளைத்ததை மட்டும் பொறுக்கித் தட்டில் பரு மேலே பார்க்க வைக்கிறோம். இந்தப் பொறுக்கலில் எங்கள் பண்ணைப் பெண்களின் கண்ணுக்கு ஈடு கிடையாது. மங்கின பருவைத் தொட்டவுடன் தூக்கி எறிந்துவிடுவார்கள். 25 முதல் 30 நாளில் நாற்று நடவுக்குத் தயார். வரிசைக்கு 5 அடி, செடிக்கு 2 அடி என்று நட்டால் ஏக்கருக்கு 5,000 நாற்றுக்குள் முடிந்துவிடும், பட்டுப்போன இடத்தில் மறுபடி நடுகிற போக்கு நடவையும் சேர்த்து. பரு எடுத்த மிச்சக் கரும்பு வீணாகாது, அதையும் சாறு பிழியலாம்.

மா ஒட்டுக்கட்டுவதும், கொய்யாவில் பதியம் போடுவதும், வாழையில் பக்கக்கன்று எடுப்பதும் இதே காரணத்துக்குத்தான். ருசியான மாம்பழத்தின் கொட்டையைப் புதைத்துவிட்டு அதே பழத்துக்குப் பத்து வருடம் காத்திருந்து ஏமாந்தவர்கள் ஊருக்கு நான்கு பேராவது இருப்பார்கள். நெல்லில் இந்தத் தொல்லை இல்லை. நெற்பூ தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்வதால், ரகம் ஒருமுறை நிலைத்துவிட்டால் விதை எடுத்து வைத்தாலும் அடுத்த வருடம் அதே நெல்தான். முருங்கைதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பழைய மரமுருங்கையைப் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டோம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் பி.கே.எம். 1 விட்ட பிறகு விதைபோட்டு வளர்க்கிற செடிமுருங்கை ஊரெல்லாம் பரவியது. தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் முருங்கையைத் தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்தோடு மட்டுமே சேரவைத்து, குணத்தை நிலைக்கச்செய்து எடுத்த ரகம் அது. ஆனால் காட்டில் தேனீ சும்மா இருக்குமா? பக்கத்து மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து கொட்டிவிடும். காய்த்த மரத்திலிருந்து நாமே விதை எடுத்துப் போட்டால் காய் நீளம் குட்டையும் நெட்டையுமாக வருவது அதனால்தான்.

சரி, எல்லாரும் நகலே எடுத்துக்கொண்டிருந்தால் புது ரகம் எங்கிருந்து வரும்? பையனுக்குச் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். கரணையிலிருந்து புதுக் கரும்பு பிறக்காது. விவசாயி 'வேண்டாம்' என்று சபிக்கிற அந்தப் பூவும் தூசி விதையும்தான் அதற்கு வேண்டும். இந்தியாவில் அந்த வேலை தொடங்கிய இடம் எங்களுக்குப் பக்கத்தில், கோயம்புத்தூர் வீரகேரளத்தில்.

அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது 1912-இல். வடநாட்டில் அப்போது பயிரானவை ஒல்லிக் கரும்புகள். குளிரும் வறட்சியும் தாங்கும், சர்க்கரை குறைவு. தென்னாட்டுப் பருத்த கரும்பில் சர்க்கரை உண்டு, வடநாட்டுக் குளிருக்கு நிற்காது. ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக இறங்கிக்கொண்டிருந்த காலம். கோவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: இங்கே கரும்பு பூக்கும், விதையும் பிடிக்கும். பகலின் நீளமும் இரவின் வெப்பமும் தோதாக அமையாவிட்டால் கரும்பு பூக்காது. வடக்கே அந்த அமைப்பு இல்லை.

நிலையத்தை நடத்திய பார்பரும், அவரோடு சேர்ந்து பிறகு அவர் இடத்துக்கே வந்த டி.எஸ். வெங்கட்ராமனும் செய்த காரியம் அன்றைக்குக் கேட்டவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். தாயாக வைத்தது 'வெள்ளை' என்ற பருத்த கரும்பை. அதற்கு மாப்பிள்ளையாகப் பிடித்தது நாணலை. ஆமாம், வாய்க்கால் கரையில் தானாக முளைத்து நிற்கிற, மாடுகூட வேண்டாவெறுப்பாகத் தின்கிற நாணல்தான். சர்க்கரை இல்லை. ஆனால் வேர் ஆழம், வறட்சி, குளிர், நோய் எதற்கும் அசையாத முரடு. அந்தக் கலப்பில் வந்து 1918-இல் வெளியான கோ 205 பஞ்சாபில் நின்று காட்டியது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. சாதாரணமாகப் பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி குரோமோசோம் வரும். பருத்த கரும்பும் நாணலும் சேரும்போது கணக்கு மாறுகிறது. தாய்க்கரும்பு தன் 80-ஐயும் முழுதாகக் கொடுத்துவிடுகிறது. கோவை நாணலின் 64-இல் பாதியாக 32 மட்டும் வருகிறது. கோ 205-இல் மொத்தம் 112. தாயின் பங்கு தூக்கலாக இருப்பதால்தான் நாணல் ரத்தம் கலந்தும் கரும்பு கரும்பாகவே இருக்கிறது. பிறகு அந்தப் பிள்ளையை மறுபடி பருத்த கரும்போடு கட்டினால் சர்க்கரை ஏறும், முரடும் கொஞ்சம் தங்கும். இன்று ஆலைக்குப் போகிற எந்தக் கரும்பை எடுத்தாலும் வம்சத்தில் எங்கேயோ ஒரு நாணல் இருக்கிறது.

வெங்கட்ராமனுக்கு நாணலோடு நிற்க மனம் வரவில்லை. கரும்பின் வயதைக் குறைக்க முடியுமா என்று நம் பெரியமஞ்சள் சோளத்தோடும் சேர்த்துப் பார்த்தார். 1934-இல் அங்கே வந்த தலச்சேரிக்காரரான தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து, அந்தப் பிள்ளைகளின் குரோமோசோம்களை எண்ணினார். அவற்றில் எதுவும் விவசாயி காட்டில் பெரிதாக நிலைக்கவில்லை. அதனால் என்ன? இந்தச் செடிகளுக்குள் உறவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள்.

இன்றும் அடிப்படை வேலை மாறவில்லை. மகரந்தம் சரியாக விடாத பூவைத் தாயாக்கி, அதைத் துணிக்கூண்டுக்குள் அடைத்து, தந்தைக் கரும்பின் கதிரைக் காலையில் அதன்மேல் உதறுகிறார்கள். பிற மாநிலங்களின் ஆராய்ச்சியாளர்களும் பூக்காலத்தில் கோவைக்கு வந்துதான் கலப்புச் செய்கிறார்கள். பஞ்சைச் சேர்த்து, உலர்த்தி, தூவி, முளைத்த ஆயிரக்கணக்கான நாற்றில் கழித்துக் கழித்து எடுக்கிறார்கள். முதலில் கண்ணுக்குச் சரியில்லாதவை போகும். மிஞ்சியதைக் கரணை போட்டு ஒரு வரிசை, அப்புறம் ஒரு பாத்தி, அப்புறம் பல ஊர்களில் பல பட்டம். மறுதாம்பு, அதாவது நாம் கட்டைக்கரும்பு என்கிறோமே, அது எப்படி வருகிறது என்றும் பார்க்கவேண்டும். நோயைத் தண்டுக்குள் ஊசியால் ஏற்றி வேறு சோதிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குக் குறையாது. எதுவும் தேறாமல் போகிற கலப்பும் உண்டு.

கோ 86032 அப்படித் தேறியது. கோ என்றால் கோயம்புத்தூர், 86 தேர்வான வருடம், 32 அந்த வருடத்து வரிசை எண். தாய் கோ 62198, தந்தை கடலூர் நிலையத்தில் பிறந்த கோக 671. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான ஏக்கரில் நிற்பது 1986-க்கு முன் ஏதோ ஒரு தட்டில் முளைத்த ஒரே ஒரு விதையின் உடம்பு. என் நிழல்வலைக்குள் இருப்பதும் அதே உடம்புதான்.

"ரகம் கெட்டுப்போச்சுங்க அம்மணி, முன்ன மாதிரி எடை இல்ல" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். மண், தண்ணீர் கதை தனி. ரகத்தின் குணம் அப்படியேதான் இருக்கிறது. கரணையிலிருந்து கரணைக்கு நோய் சேர்ந்துகொண்டே வருகிறது. மஞ்சள் இலை நோய் வைரஸ், புல்தழை நோய், கட்டையைக் குட்டையாக்கும் நோய், எல்லாமே விதைக்கரும்பில் ஏறிப் பயணம் செய்பவை. விதை வழியாக வருகிற பயிரில் பல நோய்கள் தாயோடு நின்றுவிடும். நகல் எடுக்கிற பயிரில் அழுக்கும் நகலாகும். காற்றோடு கலந்த 50 டிகிரி நீராவியில் கரணையை ஒரு மணிநேரம் வைத்தால் புல்தழை அடங்கும். வைரஸுக்கு அது போதாது. குருத்தின் நுனியில் வளர்கிற துளியை மட்டும் வெட்டித் திசு வளர்ப்பில் போட்டு எடுத்தால் சுத்தமான தாய்ச்செடி கிடைக்கும். அதைப் பெருக்கி விதைக்கரும்பாக்கினால் பழைய எடை பெரிய அளவில் திரும்பிவிடும். என் தாய்ப்பாத்தியை அப்படி வந்த கன்றுகளிலிருந்துதான் புதுப்பிக்கிறேன். நாற்றின் விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

செவ்வழுகலுக்கு மட்டும் இந்த வைத்தியமெல்லாம் பலிக்காது. கரும்பை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே சிவப்பு, குறுக்கே வெள்ளைத் திட்டு, புளித்த சாராய வாடை. அதன் பூஞ்சை நாளாக ஆகப் புதுப்புது வடிவம் எடுக்கும், ரகமோ பிறந்த நாளில் இருந்தபடியே நிற்கும். சர்க்கரையில் ராஜாவாக இருந்த கோக 671 அதில்தான் அடிவாங்கியது. வடக்கே கோ 0238 கதையும் அதுவே. 2009-இல் வெளியாகி, உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் பிடித்து, ஆலைகளும் விவசாயிகளும் தலையில் வைத்துக் கொண்டாடிய ரகம். செவ்வழுகல் புகுந்ததும் காடு காடாகக் காய்ந்தது. அத்தனை ஏக்கரும் ஒரே உடம்பு என்றால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். 86032 இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது, உண்மை. அதை நம்பி மாநிலமே ஒற்றைக் காலில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே இந்த முன்பட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்குத் தட்டில் கோ 11015 போட்டிருக்கிறேன். சீக்கிரம் சர்க்கரை ஏறுகிற ரகம், அதுல்யா என்றும் பெயர். "ஆலையில பதிவு போடுவாங்களா?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. உங்கள் பகுதி ஆலையின் கரும்பு அலுவலரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அரை ஏக்கரில் மட்டும் நட்டுப் பார்த்தால் போதும். நாற்று தயாராக ஒரு மாதம் பிடிப்பதால், தை நடவுக்கு வேண்டுமென்றால் கார்த்திகைக் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள்.