பட்டாளத்துக்காரர் சொல்லாமல் விட்டது

ஈரோட்டில் சிவில் வழக்கு நடத்தும் என்னைத் தேடி பணியால் வந்த ஊனத்துக்குக் கிடைக்கும் டிசபிலிட்டி பென்ஷன் கேட்டு நேராக வருகிற முன்னாள் ராணுவத்தினர் அபூர்வம். வண்டித்தடத் தகராறு, பொதுக்கிணற்றில் முறை, பங்காளி பாகம் பிரிக்க மாட்டேன் என்கிறான், வாங்கிய செக் திரும்பிவிட்டது என்று மற்றவர்களைப் போலத்தான் வருவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது ஒரே கேள்வியை இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கும். கூட வந்த வீட்டம்மா, "பீரங்கிச் சத்தத்துல காது போயிருச்சுங்க அம்மிணி, சத்தமாப் பேசுங்க" என்பார். இந்த வேலை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"அதுக்குப் பென்ஷன்ல ஏதாச்சும் சேத்திக் குடுத்தாங்களாங்கய்யா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங். கை காலு நல்லாத்தான இருக்குது. நமக்கு எதுக்கு அது."

அந்தியூர்க்காரரும் இதைத்தான் சொல்வார், காங்கேயத்துக்காரரும் இதைத்தான் சொல்வார். கேட்டு வாங்குவது என்றாலே கை ஏந்துவது என்கிற நினைப்பு. பென்ஷன் வாங்கிக்கொண்டே மில்லில் செக்யூரிட்டி வேலை, ராத்திரி ஷிப்ட். பகலில் தோட்டத்தில் தண்ணி கட்டுவது. இப்படி இருக்கிற மனிதரிடம் உங்களுக்கு ஊனம் இருக்கிறது என்று சொன்னால் முகம் சுருங்கிப்போகும். மஞ்சப்பையில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக்கையும் பி.பி.ஓ என்ற பென்ஷன் ஆணையையும் எடுத்து வரச் சொல்லி அனுப்புவேன். வருகிறவர்களில் பாதிப்பேர் மனைவி விரட்டி அனுப்பித்தான் வருகிறார்கள்.

பணி முடிந்து வெளியே வருகிறவரை ரிலீஸ் மெடிக்கல் போர்டு பரிசோதிக்கும். என்ன நோய், எந்த வருஷம், எந்த ஊரில் இருக்கும்போது முதலில் தெரிந்தது, பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா, எத்தனை சதவீதம் என்றெல்லாம் ஒரு படிவத்தில் எழுதுவார்கள். 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, பணியோடு தொடர்பு உண்டு என்றும் எழுதினால் பணம் உண்டு. வந்ததும் பணியால் இல்லை, அதிகமானதும் பணியால் இல்லை என்று எழுதிவிட்டால் சதவீதம் காகிதத்தில் நிற்கும், அவ்வளவுதான். காது கேட்காத பீரங்கிப் படைக்காரருக்கு 20 சதவீதம், ஆயுள் முழுவதும் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த கட்டத்தில் 'பணியோடு தொடர்பில்லை'. ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

அந்த ஒரு வரியோடுதான் எங்கள் வழக்கெல்லாம். ஆனால் சட்டத்தைப் படித்தால் அது பட்டாளத்துக்காரர் பக்கம்தான் நிற்கிறது. இந்தப் பென்ஷன் யாருக்கு உண்டு என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகள் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கின்றன. சேரும்போது ஒரு குறையும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். தனக்கு உரிமை உண்டு என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவருக்கே. 2013 ஜூலை 2 அன்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை வரிசையாக எடுத்து வைத்துத் தீர்ப்புச் சொன்னது. 1985-ல் சிக்னல்ஸ் படையில் சேர்ந்தவர், வலிப்பு நோய் என்று 1994-ல் அனுப்பப்பட்டவர். தீர்ப்பு வரப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. இன்றுவரை நாங்கள் போடும் மனுக்களில் அந்தப் பெயர் இல்லாத மனுவைப் பார்ப்பது கஷ்டம்.

எனக்குப் பிடித்த வாதம் இன்னும் எளிமையானது. கோவை ஆட்சேர்ப்பு அலுவலகம் நடத்தும் முகாமுக்குப் போன பையன்களைக் கேட்டுப் பாருங்கள். 1.6 கிலோமீட்டர் ஓடி முடித்துத் தேறினால்தான் அடுத்த கட்டத்துக்கே விடுவார்கள். அப்புறம் பல், காது, கண், முட்டி, பாதத்தின் வளைவு வரைக்கும் மருத்துவர் பார்ப்பார். கால் தட்டையாக இருந்தால் வீட்டுக்கு. இவ்வளவு சலித்து எடுத்த உடம்பு, இருபது வருஷம் கழித்து வெளியே வரும்போது கெட்டுப்போயிருந்தால் பதில் சொல்ல வேண்டியது யார்?

சட்டம் இப்படி இருக்க வழக்கு ஏன் சிக்குகிறது? மெடிக்கல் போர்டை மட்டும் குறை சொல்லி நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். பாதிச் சிக்கல் அவர்கள் மறைத்ததில் இருக்கிறது. ஷேப்-ஒன் என்ற முழுத்தகுதி போனால் பதவி உயர்வு தள்ளிப்போகும், நல்ல போஸ்டிங் கிடைக்காது, கூட இருப்பவன் 'லோ மெடிக்கல்' என்று கூப்பிடுவான். அதனால் முதுகு வலித்தால் சொல்ல மாட்டார்கள். ராத்திரியில் மூச்சு முட்டினால் சொல்ல மாட்டார்கள். லீவில் ஊருக்கு வரும்போது பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரி எதிலாவது காட்டி, மாத்திரை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள்.

கோபி பக்கத்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் விஷயம் இதுதான். ரத்தக்கொதிப்பு. முதலில் தெரிந்தது 2016-ல், போர்ச்சூழல் இல்லாத பீஸ் ஸ்டேஷனில். அதனால் பணியோடு தொடர்பில்லை என்பது போர்டின் முடிவு. அவரும் அப்படியே ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஆபீசில் உட்கார்ந்து பேசும்போது, "2012-லயே மாத்திரை திங்கறாருங்க" என்று வீட்டம்மா போட்டு உடைத்தார். அவர் முறைத்தார். அந்தம்மா கண்டுகொள்ளவே இல்லை. "ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவாருங்க அம்மிணி. கேட்டா ஒண்ணுமில்லைம்பாரு. லடாக்குல இருந்து வந்த லீவுல நாந்தான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனனுங்க." சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். மறுவாரம் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருந்த சீட்டைக் கொண்டுவந்தார். தேதியோடு, மருத்துவர் முத்திரையோடு.

அந்தச் சீட்டு எங்களுக்கு உதவியும் செய்தது, உபத்திரவமும் செய்தது. நோய் உயரமான மலைப்பகுதியில் இருந்த காலத்திலேயே ஆரம்பித்தது என்று அது காட்டியது. ஆனால் நான்கு வருஷம் மறைத்திருக்கிறார் என்றும் காட்டியது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். எந்த வருஷம் எங்கே இருந்தார் என்ற பணியிட விவரத்தை ரெக்கார்ட் ஆபீசிலிருந்து தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, சீட்டை அதன் பக்கத்தில் வைத்தோம். நோய் பணியால் அதிகமானது என்ற அளவுக்குத் தீர்ப்பு வந்தது. பணம் கிடைக்க அது போதும். அந்த வழக்கில் உண்மையான சாட்சி அந்தம்மாதான். அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

பணக்கணக்கை நேராகச் சொல்லிவிட்டால் தயக்கம் கொஞ்சம் குறைகிறது. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் 40,000 என்றால் 12,000. இருபது சதவீதக்காரருக்கு அந்தக் கணக்கில் 2,400 வரும். ஆனால் 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆகவும், 50-லிருந்து 75 வரை இருப்பதை 75 ஆகவும், அதற்கு மேல் இருப்பதை 100 ஆகவும் எடுத்துக்கொள்ளும் முறை உண்டு. அப்படிப் பார்த்தால் 6,000, அதற்கு மேல் அகவிலைப்படி. நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. காலம் முடிந்து முறையாக ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. "ஆறாயிரமுங்களா? மாசாமாசமுங்களா?" என்று அதுவரை பேசாமல் இருந்தவர்கூட நிமிர்ந்து உட்காருவார். ரெண்டு எருமைக்குப் புண்ணாக்குச் செலவு தீர்ந்ததே!

தாமதத்துக்கு விலை உண்டு. மாதாமாதம் தொடர்கிற உரிமை என்பதால் எத்தனை வருஷம் கழித்தும் கேட்கலாம். ஆனால் பழைய பாக்கி பொதுவாக வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும். 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் வகுத்த கணக்கு அது. 2005-ல் ஓய்வு பெற்று 2018-ல் வருகிறவர் 'நமக்கு எதுக்கு' என்று சொன்னதற்குப் பத்து வருஷப் பணத்தைக் கொடுத்திருக்கிறார். முதல் மேல்முறையீடு, இரண்டாவது மேல்முறையீடு என்று படைக்குள்ளேயே படிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. நமக்குச் சென்னை அமர்வு. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியக்காலையில் சென்ட்ரல். கட்சிக்காரர் வரத் தேவையில்லை என்றாலும் சிலர் வருவேன் என்பார்கள். தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு ஓய்வுபெற்ற உயர் ராணுவ அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்ததும் வேட்டி கட்டிய நம்மாள் தன்னையறியாமல் விறைத்து நிற்பார். வழக்கு முடிகிறவரை அப்படியே நிற்பார். மூட்டுத் தேய்மானத்துக்கு வழக்குப் போட்டவர் அப்படி நின்றபோது, உட்காருங்கள் என்று நான் காதில் சொல்ல வேண்டியதாயிற்று.

எல்லா வழக்கையும் எடுப்பதில்லை. லீவில் வந்த மகன் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் போய்விட்டது என்று தாராபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். நான் கேட்ட முதல் கேள்வி, அன்றைக்கு எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது. லீவு முடிந்து பணிக்குத் திரும்பும் பயணத்தில் இருந்தால் அது பணி நேரமாகவே கருதப்படும். பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: பண்ணாரி கோயில் குண்டம் திருவிழா பார்க்கப் போனானுங்க. லீவில் இருந்தார் என்பது மட்டும் போதாது, காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் ஒரு தொடர்பு வேண்டும் என்பதை 2011-ல் ஜுஜ்ஹார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. முடியாதுங்கய்யா என்று சொல்லி அனுப்பினேன். இதையே எடுத்துக்கொண்டு, வரும் பாக்கியில் மூன்றில் ஒரு பங்கு என்று பேரம் பேசுகிற தரகர்களும் இருக்கிறார்கள். வழக்கின் பலனில் பங்கு வைத்துக் கூலி பேசுவதை பார் கவுன்சில் விதி வக்கீல்களுக்குத் தடுக்கிறது. தரகருக்கு எந்த விதி? காசில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. இதைச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

மனநோய் வழக்குகள்தான் என்னைத் தூங்கவிடாதவை. நாமக்கல் பக்கத்து அம்மா ஒருவர். கணவர் சில வருஷ சர்வீஸிலேயே புத்தி பேதலித்ததாகச் சொல்லி அனுப்பப்பட்டவர். பென்ஷன் ஒரு பைசா இல்லை. குணசீலம் கூட்டிக்கொண்டு போனார்கள், மந்திரித்தார்கள், மருத்துவமும் பார்த்தார்கள். பட்டாளத்திலிருந்து 'துரத்திவிட்டுட்டாங்க' என்று ஊர் பேசியதை அவர் கடைசிவரை மறுக்கவில்லை. இறந்த பிறகுதான் அந்தம்மா காகிதத்தை எடுத்து வந்தார். பென்ஷன் இல்லாதவர்களின் கோப்பை 25 வருஷம் ஆனதும் அழித்துவிடுவார்கள். மனச்சிதைவு என்று வெளியேற்றப்பட்ட ராஜுமோன் என்பவரின் வழக்கில், காரணம் எழுதாத மருத்துவ வாரிய முடிவை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் காரணம் எழுதவில்லை என்று காட்டவாவது அந்தத் தாள் வேண்டும். எங்களிடம் ஒரு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் மட்டும் இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பென்ஷனைத் தவறாக வாங்குகிறவர்கள் இல்லையா என்று சக வக்கீல்கள் கேட்பதுண்டு. இருக்கலாம். 2023-ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஓய்வு பெறும் அதிகாரிகளில் ஆண்டுக்கு 36 முதல் 40 சதவீதம் பேர் டிசபிலிட்டி பென்ஷனோடு போவதையும், மற்ற பதவியினரில் அது 15 முதல் 18 சதவீதம்தான் என்பதையும் சுட்டிக்காட்டியது. எனக்கு அந்த எண்ணில் தெரிவது வேறு. படிவத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று வாசிக்கத் தெரிந்தவர் கேட்டு வாங்குகிறார். தெரியாதவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறார். அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்கு 1982 விதிகளின் சலுகை அப்படியே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

அதனால் இப்போது பணியில் இருக்கும் பையன்களிடம்தான் அதிகம் பேசுகிறேன். சத்தியமங்கலம் பக்கத்து நாயக் ஒருவர் வடக்கே ஒரு மலை முகாமிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். பயிற்சியில் விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது, கூட இருந்தவனே இழுத்து உட்கார வைத்துவிட்டான், இப்போது கையைத் தூக்கினால் வலி.

"டாக்டர்கிட்டக் காட்டி சிக் ரிப்போர்ட் பண்ணு தம்பி. இஞ்சுரி ரிப்போர்ட்ல எங்க, எப்படி விழுந்தேன்னு எழுதி வாங்கு."

"அடுத்த வருசம் ஹவில்தார் லிஸ்ட் வருதுங்கக்கா. அது முடியட்டுமுங்க."

விழுந்த தேதியையும் கூட இருந்த இரண்டு பேருடைய படை எண்ணையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பியிருக்கிறார். சிக் ரிப்போர்ட் இன்னும் பண்ணவில்லை.