கேரட்டும் மெர்ட்டன் சாரும்

நேத்து கேத்தி தோட்டத்துல கேரட் எடுத்துட்டு இருக்கும்போது அப்பாகிட்ட ராபர்ட் மெர்ட்டன் பத்தி சொன்னேன். என்ஜினியரிங் கணக்கு படிச்சுட்டு எகனாமிக்ஸ் பக்கம் வந்த மனுஷன், எம்ஐடி, ஹார்வர்டுன்னு பல வருஷம் பாடம் எடுத்தவர், ஆப்ஷனுக்கு என்ன விலை வைக்கணும்னு 1973ல பிளாக், ஷோல்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு பக்கம் இவர் ஒரு பக்கம்னு தனித்தனியா எழுதுனாங்க, 1997ல ஷோல்ஸ்கூட நோபல், பிளாக் 1995லயே இறந்துட்டார்.

ஆப்ஷன்னா என்னடான்னாரு அப்பா. கிலோ 30 ரூபாய்க்கு விக்குற உரிமைய முன்னாடியே ஒரு சின்ன தொகை குடுத்து வாங்கி வச்சுக்கறோம்ப்பா, மேட்டுப்பாளையம் மண்டில 12க்கு விழுந்தாலும் நமக்கு 30, ஏறிருச்சுன்னா மண்டிலயே வித்துக்கலாம், போறது அந்த சின்ன தொகைதான், அந்த தொகை எவ்ளோன்னு கணக்கா சொன்னதுதான் இவங்க வேலைன்னேன்.

மெர்ட்டன் பங்குதாரரா இருந்த முதலீட்டு ஃபண்ட் 1998ல பெருசா விழுந்துச்சு, அதையும் மறைக்காம சொன்னேன். ஆனா அதுக்கப்புறமும் விடல, பென்ஷன்ல சேர்ந்த பணத்த மட்டும் பாக்காதீங்க, மாசாமாசம் எவ்ளோ வரும்னு பாருங்கன்னு சொல்லிட்டே இருந்தார், எனக்கு அவர்கிட்ட ரொம்ப புடிச்சதே இதுதான்.

அப்பா மூட்டைய கட்டிட்டே கேட்டாரு, "அந்த உரிமைய நம்ம கேரட்டுக்கு யாருடா குடுப்பா?"

ராத்திரி பூரா அதேதான் யோசனை.