மணிக்கட்டு விடுபட்டுப்போன எக்ஸ்ரே

முன்கை எலும்பு முறிந்து எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர்களே, முழங்கையும் மணிக்கட்டும் படத்தில் விழுந்திருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த அறையைவிட்டு வெளியே வாருங்கள். என் படத்தில் இரண்டுமே இல்லை. உடைந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

முன்கையில் இரண்டு எலும்புகள்: கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. "ரேடியஸ் மட்டும்தான் உடைந்திருக்கிறது. அல்னா முழுசாக இருக்கிறது. மாவுக்கட்டு போதும்" என்றார் பணியில் இருந்த மருத்துவர். "சார், உடைந்த இடத்தைவிட மணிக்கட்டில்தான் வலி உயிர்போகிறது, சுண்டுவிரல் பக்கம் ஏதோ புடைத்து நிற்கிறது" என்றேன். "வீக்கம் அப்படித்தான் இருக்கும்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வலி அடங்காமல் வேறு மருத்துவமனைக்குப் போனால், பழைய படம் வேண்டும் என்றார்கள். முதல் இடத்தில் என்னிடம் கொடுத்திருந்தது ரிப்போர்ட் மட்டுமே. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "எல்லாம்தான் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதே, படம் எதற்கு?" என்றார் கவுன்டரில் இருந்தவர். எழுதாமல் விட்டதுதானே என் பிரச்சினை! படத்தையோ குறுந்தகட்டையோ அன்றைக்கே கையோடு வாங்கிவிடுங்கள்.

புதிய மருத்துவர் மேசையிலிருந்த எலும்பு மாதிரியை எடுத்து, அல்னாவை அசையாமல் பிடித்துக்கொண்டு ரேடியஸை மட்டும் சுழற்றிக் காட்டினார். உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன; கவிழ்த்ததும் ரேடியஸ் அல்னாவின் குறுக்கே படுத்துக்கொண்டது. முழங்கையருகே ஒன்று, மணிக்கட்டருகே ஒன்று என இவற்றுக்குள் இரண்டு மூட்டுகள். நடுவே நெடுகிலும் ஒரு சவ்வு. ரேடியஸ் உடைந்து குறுகினால் அல்னா அதோடு சேர்ந்து குறுகாது. ஆகவே மணிக்கட்டருகே உள்ள மூட்டு விலகுகிறது. இதற்குக் கலியாட்ஸி முறிவு என்று பெயர். அல்னா உடைந்து, முழங்கையில் ரேடியஸின் தலை நழுவினால் அது மான்டேஜியா. எனவே ஒரு எலும்புதான் உடைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நிம்மதி அடையாதீர்கள். இரண்டு மூட்டுகளையும், நேராகவும் பக்கவாட்டிலும், படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் படத்தில்தான் என் அல்னா முனை விலகி நின்றது தெரிந்தது.

பெரியவர்களுக்கு இந்த முறிவு மாவுக்கட்டில் பெரும்பாலும் நிற்காது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கை மேலே பார்த்தபடி, முழங்கைக்கு மேல் வரை கட்டு. அவ்வளவு உயரம் போட்டால்தான் முன்கை சுழலாது என்றார்கள்.

கட்டைப் பிரித்ததும் கை கவிழ மறுத்தது. சாதாரணமாக ஏறத்தாழ 80 பாகையாவது கவிழ வேண்டும். எனக்குக் கட்டைவிரல் வானத்தைப் பார்த்ததோடு சரி. பிசியோதெரபியில் பென்சிலை முஷ்டியில் செங்குத்தாகப் பிடித்து, அது எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பார்கள். நான் அபாரமாகச் சாய்த்தேன். தெரபிஸ்ட் சிரித்தார், முழங்கை விலகி, தோள்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

முழங்கையைச் செங்கோணமாக மடித்து, விலாவுக்கும் அதற்கும் நடுவே மடித்த துண்டு ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். துண்டு விழுந்தால் அந்தச் சுற்று கணக்கில் சேராது. நேற்று துண்டு விழாமலே என் உள்ளங்கை மேசையில் தட்டையாகப் படிந்தது.